மார்கழியில் கிணற்றுத் தண்ணீர் ஏன் சுடுகிறது? குழந்தைகளின் கேள்விக்குப் பதில் சொல்லும் முறை

பாலக்கோட்டுக்கு அருகே எங்கள் கிணற்றடியில், ஒரு மார்கழி விடியலில், ஆறு வயதுப் பேத்தி வாளித் தண்ணீரில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, “தாத்தா, ராத்திரியில யாரு கிணத்துக்குள்ள தண்ணி காய வெச்சாங்க?” என்று கேட்டாள். முப்பது ஆண்டுகள் நடுநிலைப் பள்ளியில் அறிவியல் கற்பித்த பழக்கத்தில், அதிகம் யோசிக்காமல், “பூமிக்குள்ள சூடு இருக்கு கண்ணு, அதனாலதான்” என்று சொல்லிவிட்டேன். அவள் சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, “அப்ப சித்திரையில குளிச்சப்ப ஏன் சில்லுனு இருந்துச்சு?” என்றாள். என் பதில் அந்த இரண்டாவது கேள்வியிலேயே விழுந்துவிட்டது.

பூமியின் ஆழத்தில் வெப்பம் இருப்பது உண்மை. ஆனால் நாற்பது அடிக் கிணற்றின் தண்ணீரைச் சூடாக்குவது அதுவன்று. தரைக்குக் கீழே முப்பது, நாற்பது அடி இறங்கினால், மண்ணின் வெப்பநிலை ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவில், நம் பகுதியில் 25 டிகிரி செல்சியசுக்குச் சற்று மேலே, நின்றுவிடுகிறது. மேலே உள்ள காற்றோ மார்கழி விடியலில் 20 டிகிரிக்குக் கீழே இறங்குகிறது. சித்திரை நண்பகலில் 38 டிகிரி வரை ஏறுகிறது. தண்ணீர் பெரிதாக மாறுவதில்லை. நம் தோல் பழகியிருக்கும் காற்றுதான் மாறுகிறது. இந்த விளக்கம் மார்கழிக்கும் பொருந்துகிறது, சித்திரைக்கும் பொருந்துகிறது. குழந்தைக்குச் சொல்லப்போகும் பதில் சரிதானா என்று பார்க்க எனக்குத் தெரிந்த எளிய சோதனை இதுதான்: அடுத்து அந்தக் குழந்தை கேட்கக்கூடியதை நீங்களே ஒருமுறை மனத்துக்குள் கேட்டுப் பாருங்கள். அதைத் தாங்காத பதிலை வெளியே விட வேண்டாம்.

முதலில், எங்கே பார்த்தாய் என்று கேளுங்கள்

குழந்தையின் கேள்வி வெறும் வெளியில் பிறப்பதில்லை. அது எதையோ பார்த்திருக்கிறது, தொட்டிருக்கிறது, அல்லது யாரோ சொன்னதைப் பாதி கேட்டிருக்கிறது. ஆகவே பதில் சொல்லத் தொடங்குமுன், “எங்க பார்த்த?” என்றும், “நீ என்னன்னு நினைக்கிற?” என்றும் கேட்பது முதல் வேலை. இந்த இரண்டு கேள்விகளுக்கும் ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் இவை இல்லாமல் சொல்லும் பதில் பெரும்பாலும் வேறொரு கேள்விக்கான பதிலாகவே முடிகிறது.

“நிலா ஏன் நகருது?” என்று ஒரு குழந்தை கேட்டால், நிலா பூமியைச் சுற்ற ஏறத்தாழ 27 நாள் எடுத்துக்கொள்கிறது என்று நாம் தொடங்கிவிடுவோம். எங்கே பார்த்தாய் என்று கேட்டால்தான், தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் பேருந்தில் போகும்போது சன்னலோரத்தில் நிலா கூடவே ஓடிவந்ததைத்தான் அது கேட்கிறது என்று தெரியும். அதற்கான பதில் வேறு. சாலையோரப் புளியமரம் பத்தடி தூரத்தில் இருப்பதால் நொடியில் பின்னால் போய்விடுகிறது. தொலைவில் உள்ள மலை மெதுவாகப் பின்வாங்குகிறது. நிலா சுமார் 3,84,000 கிலோமீட்டர் தூரத்தில் இருப்பதால், நாம் நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் நகர்ந்தது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. அவ்வளவு பயணத்தாலும் நிலாவின் திசை அதன் அகலத்தில் அறுபதில் ஒரு பங்கு அளவுக்குக்கூட மாறாது. அடுத்த முறை பேருந்தில் ஏறும்போது மரம், மலை, நிலா ஆகிய மூன்றையும் ஒன்றாகக் கவனிக்கச் சொல்லுங்கள். கேள்வி சன்னலில் பிறந்தது. பதிலும் சன்னலுக்கே போக வேண்டும்.

கைக்கு எட்டிய சோதனை

கிணற்றுக் கேள்விக்கு வருகிறேன். என் முதல் பதில் விழுந்த பிறகு, பேத்தியோடு உட்கார்ந்து செய்தது இது. மூன்று குண்டான்களில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள்: இடப்பக்கத்தில் கை பொறுக்கும் வெந்நீர், வலப்பக்கத்தில் குளிர்பெட்டியில் வைத்த நீர், நடுவில் சாதாரணத் தண்ணீர். குழந்தை ஒரு கையை வெந்நீரிலும் மறு கையைக் குளிர்நீரிலும் ஒரு நிமிடம் வைத்திருக்கட்டும். பிறகு இரண்டு கைகளையும் ஒரே நேரத்தில் நடுக் குண்டானில் வைக்கச் சொல்லுங்கள். ஒரே தண்ணீரை ஒரு கை சில்லென்று சொல்லும், மறு கை சுடுகிறது என்று சொல்லும். அந்தக் கணத்தில் குழந்தையின் முகத்தைப் பார்ப்பதற்காகவே இதைச் செய்யலாம். தோல், தான் இதுவரை இருந்த நிலையோடு ஒப்பிட்டே வெப்பத்தைச் சொல்கிறது என்பதை அதன்பின் நீங்கள் ஒரு வாக்கியத்தில் சொன்னால் போதும். பல நேரங்களில் அதையும் குழந்தையே சொல்லிவிடும்.

வெந்நீரை முதலில் உங்கள் முழங்கையில் ஊற்றிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். பெரியவர் கைக்குப் பொறுக்கும் சூடு குழந்தையின் தோலுக்குப் பொறுக்காது.

சோதனை என்றவுடன் கடையில் பெட்டி வாங்க வேண்டும் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். வேண்டியதில்லை. கறுத்த செம்புச் சொம்பின் ஒரு பாதியில் மட்டும் புளியைத் தேய்த்துப் பத்து நிமிடம் விட்டால், அந்தப் பாதி பளபளக்கும். புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் செம்பின் மேல் படிந்த ஆக்சைடைக் கரைத்துவிட்டது. மறு பாதியை அப்படியே விடுவது முக்கியம், ஏனெனில் ஒப்பிட ஒன்று இல்லாவிட்டால் அது சோதனையாகாது. ஒகேனக்கல் பரிசல் ஏன் முழுகவில்லை என்று கேட்கும் குழந்தைக்கு ஏரிக்களிமண் போதும். உருண்டையாகப் பிடித்த களிமண் வாளியில் மூழ்கும். அதே களிமண்ணை மெல்லிய கிண்ணமாகத் தட்டி வைத்தால் மிதக்கும். எடை மாறவில்லை, தள்ளிவிடும் தண்ணீரின் அளவு மாறிவிட்டது.

மாங்காய்க் காலத்தில் இன்னும் நல்ல வாய்ப்பு உண்டு. கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தோப்புகளில் வளரும் பிள்ளைகள், மாங்காயை ஏன் வைக்கோலில் மூடி வைக்கிறார்கள் என்று கேட்காமல் இருப்பதில்லை. ஒரே மரத்தில் ஒரே நாளில் பறித்த நன்கு முற்றிய மாங்காய்கள் நான்கை எடுத்து, இரண்டை ஒரு பழுத்த வாழைப்பழத்தோடு மூடிய பாத்திரத்தில் வையுங்கள். இரண்டைத் திறந்த கூடையில் வையுங்கள். மூடிய பாத்திரத்தில் உள்ளவை முந்திப் பழுக்கும், ஏனெனில் பழுக்கும் பழம் எத்திலீன் என்ற வாயுவை வெளிவிடுகிறது. அந்த வாயு பக்கத்தில் உள்ள காயையும் பழுக்கத் தூண்டுகிறது. வைக்கோல் செய்வதும் அதே வேலை, வாயுவைத் தப்பிக்க விடாமல் வைப்பது. கார்பைடு கல் போட்டுப் பழுக்க வைப்பதை அரசு ஏன் தடை செய்திருக்கிறது என்ற பேச்சும் இங்கேயே வந்துவிடும்: அந்தக் கல் ஈரத்தில் அசிட்டிலீன் வாயுவை விடுகிறது, கூடவே ஆர்செனிக், பாஸ்பரஸ் ஆகியவற்றின் நச்சுத் தடங்களும் வரக்கூடும்.

சோதித்துப் பார்க்க முடியாத கேள்விகளுக்கு, குழந்தை ஏற்கெனவே அறிந்த ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஓசூர் உயரத்தில் இருக்கிறதே, சூரியனுக்குப் பக்கம்தானே, ஏன் கிருஷ்ணகிரியைவிடக் குளிர்கிறது என்பது எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் வழக்கமாகக் கேட்பது. ஓசூர் கிருஷ்ணகிரியைவிடச் சுமார் 400 மீட்டர் உயரத்தில் உள்ளது. சூரியனோ ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது, ஆகவே அந்த 400 மீட்டர் நெருக்கம் கணக்கில் வராது. காற்றைச் சூடாக்குவது பெரும்பாலும் வெயில்பட்ட தரை. அந்தக் காற்று மேலே போகப் போக அழுத்தம் குறைந்து விரிகிறது, விரியும்போது குளிர்கிறது. ஒரு கிலோமீட்டர் உயரத்துக்குச் சராசரியாக ஆறரை டிகிரி வரை வெப்பம் குறைகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதைத் தொட்டுப் பார்த்த பிள்ளைக்கு, நெருக்கினால் காற்று சுடும், விரிந்தால் குளிரும் என்பது உடனே பிடிபடும்.

தாத்தாவின் பல்

எல்லாக் கேள்விகளும் நிலாவையும் மாங்காயையும் பற்றியவையாக இருப்பதில்லை. தருமபுரி மாவட்டத்தில் பிள்ளைகள் கூட்டத்தின் நடுவே சத்தமாகக் கேட்டுவிடும் ஒரு கேள்வி உண்டு: “அந்தத் தாத்தா பல்லு ஏன் இப்படிப் பழுப்பா இருக்கு?” அருகில் இருப்பவர்கள் அவசரத்தில், “ஒழுங்காப் பல்லு விளக்கலைன்னா உனக்கும் அப்படித்தான் ஆகும்” என்று சொல்லிவிடுகிறார்கள். இந்தப் பதில் எனக்கு ஆழ்ந்த வருத்தம் தருவது. அது தவறு என்பதோடு, வாழ்நாள் முழுவதும் வேலங்குச்சியால் பல் விளக்கிய ஒரு மனிதரை அவருடைய பேரப்பிள்ளையின் கண்ணில் அழுக்கானவராக ஆக்கிவிடுகிறது.

உண்மையான காரணம் நம் காலடியில் உள்ள பாறை. நம் இரு மாவட்டங்களின் பாறைகள் பலவற்றில் ஃபுளூரைடு கலந்த கனிமங்கள் உள்ளன. பாறையின் வெடிப்புகளில் நீண்ட காலம் தங்கும் நிலத்தடி நீரில் அது சிறிது சிறிதாகக் கரைகிறது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழி இல்லாத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்திய அளவுகோல். அதற்கு மேற்பட்ட நீரைத் தொடர்ந்து குடிக்கும் குழந்தைக்கு, ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் நிலைத்த பற்களின் மேற்பூச்சு சரியாக அமைவதில்லை. பல் முளைத்து வரும்போதே வெண்திட்டுகளோடு வந்து, பின்னர் பழுப்பேறுகிறது. முன்பற்கள் உருவாகி முடிவது சுமார் எட்டு வயதுக்குள் என்பதால், அந்தத் தாத்தாவின் பல்லில் தெரிவது அவர் சிறுபிள்ளையாக இருந்தபோது குடித்த தண்ணீர். இதை ஏழு வயதுப் பிள்ளைக்கு, “தாத்தா உன்ன மாதிரி சின்னப் பையனா இருந்தப்ப, கல்லுல ஊறின தண்ணியக் குடிச்சாரு, அதுல இருந்த உப்பு ஒண்ணு பல்லுல தங்கிடுச்சு” என்று சொன்னால் போதும். பத்து வயதானால், காவிரி நீரைக் குழாயில் கொண்டுவந்து 2013ஆம் ஆண்டு தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் எதற்காக வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

இதற்கும் ஒரு சோதனை உண்டு. அதை மிகவும் கவனமாகச் செய்ய வேண்டும். மூன்று எவர்சில்வர் தட்டுகளில் மழைநீர், குழாய்நீர், போர்வெல் நீர் ஆகியவற்றை ஒரே அளவு ஊற்றி வெயிலில் காயவிட்டால், மழைநீர்த் தட்டில் ஏறக்குறைய ஒன்றும் இருக்காது, போர்வெல் தட்டில் வெண்ணிறப் படிவு தெரியும். தெளிந்த நீரிலும் கல் கரைந்திருக்கிறது என்று குழந்தை கண்ணால் காண்கிறது. ஆனால் அந்த வெண்மை பெரும்பாலும் கால்சியம், மக்னீசியம் உப்புகள். ஃபுளூரைடு இவ்வளவு சிறிய அளவில் கண்ணுக்குத் தெரியாது, அதை ஆய்வகத்தில்தான் அளக்க முடியும். இதை மறைத்து, “இதுதான் அந்த உப்பு” என்று காட்டிவிடும் ஆசை வரும். வேண்டாம். தட்டில் படிவு இல்லாத தண்ணீரில் ஃபுளூரைடும் இல்லை என்று பிள்ளை நம்பிவிடக்கூடும். காய்ச்சினால் போய்விடுமா என்று கேட்டால், போகாது, நீர் ஆவியாவதால் மீதியில் அதன் செறிவு சற்றுக் கூடவே செய்யும் என்று சொல்லுங்கள்.

கேள்விக்குள் பயம் இருந்தால்

“இடி ஏன் இடிக்குது?” என்று உங்கள் சேலையைப் பிடித்துக்கொண்டு கேட்கும் குழந்தைக்கு மின்னூட்டம் பற்றிய பாடம் வேண்டியதில்லை; அது நம்மேல் விழுமா என்பதே அதன் கேள்வி. வீட்டுக்குள் உட்காரவைத்து, மின்னல் தெரிந்ததும் ஒன்று, இரண்டு என்று நொடிகளை எண்ணச் சொல்லுங்கள். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போவதால், மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று கணக்கு. ஒன்பது வரை எண்ணினால் மின்னல் மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. எண்ணத் தொடங்கிய பிள்ளையின் நடுக்கம் பெரும்பாலும் அடங்கிவிடும். இதிலேயே ஒரு பாதுகாப்புப் பாடமும் அடங்கியிருக்கிறது: முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் வயலிலும் மரத்தடியிலும் நிற்கக் கூடாது, வீட்டுக்குள் வந்துவிட வேண்டும்.

சாவைப் பற்றிய கேள்விக்கும் இதே கவனம் வேண்டும். ஆயா (பாட்டி) தூங்குகிறார் என்றோ ஊருக்குப் போயிருக்கிறார் என்றோ சொன்னால், குழந்தை தூங்கப் பயப்படும், அல்லது நாள்தோறும் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும். உடம்பு வேலை செய்வதை நிறுத்திவிட்டது, இனி வலியும் பசியும் இல்லை, திரும்பி வரமாட்டார் என்று மென்மையாகச் சொல்லி, அணைத்துக்கொண்டு, அது அழுதால் அழவிடுங்கள்.

பெரியவர்கள் சொன்ன பதில்கள்

இரவில் புளியமரத்தடியில் ஏன் படுக்கக் கூடாது என்று கேட்டால், பேய் என்பது ஒரு பதில். படித்தவர்கள், மரம் இரவில் கரியமில வாயுவை விடுகிறது, அது மூச்சை அடைத்துவிடும் என்று சொல்வார்கள். இரண்டாவது பதில் அறிவியல்போல் ஒலிப்பதால் அதிகம் ஏமாற்றக்கூடியது. மரம் இரவில் சுவாசித்துக் கரியமில வாயுவை விடுவது உண்மை. ஆனால் திறந்த வெளியில் அது காற்றோடு கலந்துவிடுகிறது, மூடிய அறையில் பக்கத்தில் படுத்திருக்கும் இன்னொரு மனிதரின் மூச்சைவிட அது ஆபத்தானதன்று. இருட்டில் பாம்பும் தேளும் தெரியாது, காய்ந்த கிளை விழலாம் என்பவை படுக்காமல் இருக்கப் போதுமான காரணங்கள்.

ஆயாவின் கதையை, “அதெல்லாம் பொய்” என்று ஒரே வார்த்தையில் தள்ளுவதை நான் ஏற்பதில்லை. கிரகணத்தில் பாம்பு சூரியனை விழுங்குகிறது என்று ஆயா சொன்னால், அதை ஆயா சொன்ன கதையாகவே வைத்துக்கொண்டு, உண்மையில் என்ன நடக்கிறது என்பதைப் பக்கத்தில் காட்டுங்கள். 2019 டிசம்பர் 26 அன்று காலை, எங்கள் வாசல் புங்கமரத்தடியில் வழக்கமாக வட்டமாக விழும் வெயில் பொட்டுகள் ஒவ்வொன்றும் பிறைநிலாவாகக் கிடந்தன. இலை இடுக்குகள் ஒவ்வொன்றும் சூரியனின் உருவத்தைத் தரையில் வீழ்த்துகின்றன என்பதை விளக்க வேண்டிய தேவையே இல்லாமல், மூத்த பேரன் சமையலறையிலிருந்து சல்லடையை எடுத்துவந்து வெயிலில் பிடித்தான். அதன் நிழலில் நூறு பிறைகள் தெரிந்தன. கதை சொன்ன என் மனைவியும் வாசலுக்கு வந்து குனிந்து பார்த்தாள். சூரியனை வெறும் கண்ணால் பார்க்கக் கூடாது என்பதைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். தமிழ்நாட்டின் தென்பகுதி வழியாக அடுத்த வளையக் கிரகணம் 2031 மே 21 அன்று கடக்கிறது. இப்போதே பிள்ளையின் நோட்டில் குறித்து வைக்கலாம்.

நோட்டுப் புத்தகம்

உங்களுக்குப் பதில் தெரியாத கேள்வி வாரத்துக்குக் குறைந்தது இரண்டு வரும். அப்போது தெரியாது என்று சொல்லுங்கள். ஆனால் அதோடு நிறுத்தாமல், யாரிடம் கேட்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கைப்பேசியைத் திறப்பதற்கு முன், அந்த வேலையைச் செய்கிறவரிடம் போவது நல்லது. பரிசல் ஏன் சுழல்கிறது என்று ஒகேனக்கல் பரிசல்காரரிடம் கேட்டால், அதற்கு முன்னும் பின்னும் கிடையாது, துடுப்பை ஒரே பக்கம் போட்டால் சுற்றத்தான் செய்யும் என்று கையாலேயே செய்து காட்டுவார். பயிர், பூச்சி பற்றியவற்றுக்குப் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. பட்டுப்புழு பற்றித் தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்கு வரும் விவசாயியிடம் கேட்கலாம். நூல் எடுக்கும்போது உள்ளே இருக்கும் புழு செத்துவிடுமா என்று பிள்ளை கேட்டால், ஆம், கூட்டை வெந்நீரில் போடுவதற்கு முன்பே உள்ளே இருக்கும் கூட்டுப்புழுவைச் சூட்டினால் கொன்றுவிடுகிறார்கள் என்று நேராகச் சொல்லத் தயாராக இருங்கள்.

கேள்விகளை ஒரு நோட்டில், குழந்தை சொன்ன சொற்களிலேயே, தேதி போட்டு எழுதுங்கள். இலக்கணத் தமிழாகத் திருத்த வேண்டாம். கீழே என்ன நினைத்தோம், என்ன செய்தோம், என்ன கண்டோம் என்று மூன்று வரிகள் போதும்.

எங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் கிணறுதான் இருக்கிறது. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் 35 டிகிரிக்குக் கீழே காட்டாது என்பதால், காற்றின் வெப்பம் பார்க்கும் சிவப்புத் திரவத் தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கிவந்து, வாளியில் நீர் இறைத்து, அதிலேயே அமிழ்த்தி இரண்டு நிமிடம் வைத்துப் பார்த்தோம். கிணற்றுச் சுவரருகே பேத்தியை நான் போகவிடவில்லை. மார்கழி: காற்று 18, தண்ணீர் 26. அதற்குக் கீழே சித்திரைக்கான இரண்டு கட்டங்கள் காலியாக உள்ளன. காற்றுக்கான கட்டத்தில் எதுவும் எழுதாமல், தண்ணீருக்கான கட்டத்தின் ஓரத்தில் மட்டும் பென்சிலால், “மறுபடியும் 26தான் வரும்” என்று அவள் எழுதி வைத்திருக்கிறாள்.